மேக்புக் புரோ திரையை வழக்கமான எல்லைக்கு மேல் பிரகாசமாக்குவது: முழுமையான வழிகாட்டி

பகலில் மொட்டைமாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இது. திரையை இப்படிக் கூடுதலாகப் பிரகாசமாக்கச் சில செயலிகள் இருக்கின்றன. ஒன்றை நிறுவ இரண்டு நிமிடம் போதும். ஆனால் நிறுவிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லையே" என்று வந்தவர்களின் மடிக்கணினியை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் செயலியில் கோளாறு இருக்காது. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்திருப்பார்கள், அல்லது செய்யாமலே விட்டிருப்பார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் வாருங்கள்.

1. உங்கள் திரையில் சரக்கு இருக்கிறதா?

இல்லாத விளக்கை எந்த மென்பொருளும் எரிய வைக்காது. திரைக்குப் பின்னால் கூடுதல் வெளிச்சம் தரும் விளக்குகள் இருந்து, சிஸ்டம் அவற்றைச் சாதாரண வேலைக்குத் தராமல் பூட்டி வைத்திருந்தால் மட்டுமே இந்தச் செயலிகளுக்கு வேலை உண்டு.

2021 அக்டோபரில் வந்த 14 அங்குல, 16 அங்குல மேக்புக் புரோவிலிருந்து அப்படிப்பட்ட திரை இருக்கிறது. லிக்விட் ரெட்டினா எக்ஸ்டிஆர் என்று பெயர். எச்டிஆர் படம் (கண்கூசும் வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் சேர்த்துக் காட்டும் பட முறை) ஓடும்போது முழுத் திரையும் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை, சிறு சிறு பகுதிகள் 1600 நிட்ஸ் வரை போகும். ஆனால் மின்னஞ்சல், வேர்டு, பிரவுசர் எல்லாம் எம்1, எம்2 சிப் உள்ள மாடல்களில் 500 நிட்ஸிலும், எம்3 மாடல்களில் 600 நிட்ஸிலும் நின்றுவிடும். நமக்கு வேண்டியது அந்த இடைவெளிதான்.

இரண்டு இடத்தில் ஏமாந்துபோவார்கள். ஒன்று, மேக்புக் ஏர். எம்1 ஏர் 400 நிட்ஸ், எம்2 முதல் 500 நிட்ஸ். அதுதான் அதன் உச்சம், பூட்டி வைத்தது எதுவுமில்லை. இன்னொன்று, 13 அங்குல மேக்புக் புரோ. பெயரில் "புரோ" இருக்கிறது, 2022-ல் எம்2 சிப்போடும் வந்தது, ஆனால் எக்ஸ்டிஆர் திரை கிடையாது. தெரிந்த தம்பி ஒருவர் பணம் கட்டிச் செயலி வாங்கிய பிறகுதான் இதைக் கேட்டார். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

எம்4 மேக்புக் புரோ வைத்திருப்பவர்கள் நேராக 4-ஆவது படிக்குப் போங்கள். உங்களுக்குச் செயலியே தேவைப்படாமல் போகலாம்.

2. கண்ணால் ஒரு சோதனை

மாடல் எண்ணைத் தேடுவதைவிட இது எளிது. பிரைட்னஸை முழுக்க ஏற்றிவைத்து, யூடியூபில் எச்டிஆர் என்று குறித்த ஒரு வீடியோவைத் திறந்து, தரத் தேர்விலும் எச்டிஆர் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோவில் சூரியனோ விளக்கோ வரும் காட்சியில் நிறுத்தி, அந்த வெண்மையையும் சுற்றியுள்ள பக்கத்தின் வெள்ளையையும் ஒப்பிடுங்கள்.

வீடியோவின் வெண்மையோடு ஒப்பிட்டால் சுற்றியுள்ள இணையப் பக்கத்தின் வெள்ளை சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் உங்கள் திரையில் சரக்கு இருக்கிறது, அது இப்போது திறந்தும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் ஒன்று உங்கள் திரை எக்ஸ்டிஆர் அல்ல, அல்லது அடுத்த படியில் சொல்லும் ப்ரீசெட் தவறாக இருக்கிறது.

இந்தச் செயலிகள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு துளி எச்டிஆர் படத்தைத் திரையில் வைத்து, "இங்கே எச்டிஆர் ஓடுகிறது, விளக்கை ஏற்று" என்று மேக்ஓஎஸ்ஸை நம்ப வைக்கின்றன. விளக்கு ஏறியதும் சாதாரண நிறங்களை அந்தக் கூடுதல் வெளிச்சத்துக்கு இழுத்து நீட்டுகின்றன. பின்னால் வரும் பல குழப்பங்களுக்குக் காரணம் இதில் இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ப்ரீசெட்டைச் சரிபாருங்கள்

சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பகுதிக்குப் போனால் ப்ரீசெட் (திரைக்கான முன்னமைப்பு) என்று ஒரு வரி இருக்கும். அதில் "ஆப்பிள் எக்ஸ்டிஆர் டிஸ்ப்ளே, பி3-1600 நிட்ஸ்" தேர்வாகியிருக்க வேண்டும்.

பட்டியலில் "ஆப்பிள் டிஸ்ப்ளே, பி3-500 நிட்ஸ்" என்றும் ஒன்று உண்டு. எம்3-இல் எண் 600. பெயர் ஒன்றுபோலவே இருப்பதால் கை தவறி அதைத் தொட்டுவிடுவார்கள். அதைத் தேர்ந்தால் எச்டிஆர் கதவே மூடிக்கொள்ளும், செயலி எவ்வளவு தட்டினாலும் திறக்காது. புகைப்படம், அச்சு, டிவி வீடியோ வேலைகளுக்கான ப்ரீசெட்களிலும் வெளிச்சம் ஒரே அளவில் பூட்டியிருக்கும். பிரைட்னஸ் பொத்தான்கூட நகராது. வீடியோ எடிட்டிங் செய்பவரிடம் இருந்து வாங்கிய பழைய மடிக்கணினி என்றால் இதை முதலில் பாருங்கள்.

4. சிஸ்டம் போடும் தடைகளை எடுங்கள்

பேட்டரி பகுதியில் லோ பவர் மோட் அணைந்திருக்க வேண்டும். அதே பகுதியில் ஆப்ஷன்ஸைத் திறந்தால், பேட்டரியில் ஓடும்போது திரையைச் சற்று மங்கலாக்கும் தேர்வு ஒன்று இருக்கும். அதையும் அணையுங்கள். வெளியே உட்காரும்போது சார்ஜர் இருக்காது. ஒரு பக்கம் செயலி ஏற்ற, இன்னொரு பக்கம் சிஸ்டம் இறக்க, நடுவில் நீங்கள் செயலியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது கேமரா ஸ்டிக்கர். வெப்கேமை மறைக்கப் பலர் ஒட்டும் சிறிய மூடி, பக்கத்திலேயே இருக்கும் வெளிச்ச உணரியையும் மறைத்துவிடும். உணரிக்கு வெயில் தெரியாவிட்டால், தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும் வசதி இருட்டறையில் இருப்பதாக நினைத்துத் திரையை இறக்கும். மூடியோடு மடிக்கணினியை மூடினால் திரை விரிசல் விடலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. ஆக, எடுத்துவிடுவதே நல்லது.

எம்4 மாடல்காரர்களுக்கு இந்தப் படியோடு வேலை முடிந்துவிடலாம். 2024-இல் வந்த அந்த மேக்புக் புரோக்கள், வெளிப்புற வெளிச்சத்தில் சாதாரண வேலைக்கும் 1000 நிட்ஸ் வரை தாமாகவே ஏறும். அதற்கு ஆட்டோமேட்டிக் பிரைட்னஸ் இயங்க வேண்டும், உணரி திறந்திருக்க வேண்டும். "கையால் நானே வைத்துக்கொள்கிறேன்" என்று அந்த வசதியை அணைத்தவர்கள், வாங்கிய பொருளில் பாதியைத் தாங்களே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

5. செயலியைத் தேர்ந்தெடுப்பது

பரவலாகப் புழங்குபவை நான்கு: பிரைட்இன்டோஷ், விவிட், லூனார், பெட்டர்டிஸ்ப்ளே.

வெளிச்சம் மட்டும்தான் வேண்டும் என்றால் பிரைட்இன்டோஷில் தொடங்குங்கள். திறந்த மூல மென்பொருள், கிட்ஹப்பில் நிரல் இருக்கிறது, ஒரு பொத்தானும் ஒரு ஸ்லைடரும்தான். விவிட் கட்டணச் செயலி, அதுவும் இந்த ஒரே வேலைக்கானது. லூனாரும் பெட்டர்டிஸ்ப்ளேவும் வெளி மானிட்டர்களை ஆட்டிப்படைக்க வந்த பெரிய செயலிகள். வெளிச்சத்தைக் கூட்டுவது அவற்றில் கட்டணப் பகுதியில் இருக்கும் ஓர் அம்சம். இரண்டு மூன்று மானிட்டர் வைத்திருப்பவர் அவற்றை வாங்கலாம். மற்றவர்கள் அந்த செட்டிங்ஸ் காட்டுக்குள் போய்த் தொலைந்துபோக வேண்டாம்.

ஒன்றை மட்டும் நிறுவுங்கள். இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இரண்டையும் ஓடவிட்டால், ஒன்று ஏற்றியதை இன்னொன்று மறுபடி ஏற்றப் போய்த் திரை வெளுத்துவிடும் அல்லது மினுக்கும்.

6. ஏற்றும் வரிசை

முதலில், திரையின் நிறத்தைத் தொடும் மற்ற செயலிகளை மூடுங்கள். எஃப்.லக்ஸ் போன்றவை காமா அட்டவணை என்ற நிற மாற்றப் பட்டியலைத் திருத்தி வேலை செய்பவை. வெளிச்சத்தைக் கூட்டும் செயலிகளில் சிலவும் அதே பட்டியலில்தான் கை வைக்கின்றன. ஒரே சிலேட்டில் இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும்?

அப்புறம், விசைப்பலகையில் பிரைட்னஸை முழுக்க ஏற்றுங்கள். பாதியில் வைத்துக்கொண்டு செயலியை ஓடவிடுவதில் அர்த்தமில்லை. சிஸ்டத்தின் பிரைட்னஸ் ஸ்லைடர் தருவதை வாங்கித்தான் செயலி பெருக்குகிறது. ஸ்லைடராலேயே கிடைக்கும் வெளிச்சத்துக்கு எச்டிஆர் வழியாகப் போவது வீண் செலவு.

மூன்றாவதாகச் செயலியைத் திறந்து இயக்குங்கள். முதல் ஓரிரு நொடி வெள்ளைப் பகுதிகள் விவரம் தெரியாமல் அடித்துப்போன மாதிரி தெரியலாம். நிறங்கள் உடனே நீண்டுவிடுகின்றன, விளக்கு மெதுவாகத்தான் ஏறுகிறது. அந்த இடைவெளியில் தெரிவது அது. பயந்துபோய் உடனே அணைத்துவிடுகிறார்கள். ஐந்து எண்ணுங்கள், சரியாகிவிடும்.

"திறந்தேன், ஒன்றுமே வரவில்லை" என்பார்கள் பலர். இந்தச் செயலிகளுக்குத் தனி ஜன்னல் கிடையாது, மேலே மெனு பாரில் ஒரு சின்ன ஐகான்தான். உங்கள் மடிக்கணினியில் கேமராவுக்கான கறுப்பு வெட்டு நடுவில் இருக்கிறது. ஏற்கெனவே பத்துப் பதினைந்து ஐகான் வைத்திருந்தால் புதிது அந்த வெட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மெனு நீளமாக இல்லாத ஃபைண்டருக்கு மாறிப் பாருங்கள், அல்லது தேவையில்லாத இரண்டு செயலிகளை மூடுங்கள், எட்டிப் பார்க்கும்.

7. எவ்வளவு ஏற்றுவது

செயலியின் ஸ்லைடரை எடுத்த எடுப்பில் கடைசிவரை தள்ளாதீர்கள். ஒரு வெள்ளைப் பக்கத்தையும், மேகமோ வெள்ளைப் பூவோ உள்ள ஒரு புகைப்படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள். மேகத்தின் மடிப்புகள் மறைந்து மொட்டை வெள்ளையாக ஆகும் இடம் வரும். அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் வெளிச்சம் கூடாது, விவரம்தான் தொலையும்.

500-லிருந்து 1000 ஆனால் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கண் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. அறைக்குள் உட்கார்ந்து பார்த்தால் "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்றுதான் தோன்றும். வெயிலில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, அணைக்கவும் இயக்கவும் ஒரு விசைச் சேர்க்கையை வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஐகானைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

8. உட்காரும் இடமும் சட்டையும்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள், ஆனால் செயலி தரும் பலனில் பாதிக்கு மேல் இங்கே தீர்மானமாகிறது.

வெளியே திரை தெரியாமல் போவதற்குத் திரை மங்கலாக இருப்பது பாதிக் காரணம்தான். கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு கறுப்பையும் வெளுக்க வைக்கிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள தூரம் குறைந்தால் எழுத்து கரைந்துவிடும். ஒரு கணக்குக்கு, பிரதிபலிப்பு 200 நிட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 500 நிட்ஸ் திரையில் வெள்ளை 700 ஆகும், கறுப்பு 200. மூன்றரை மடங்கு வித்தியாசம். செயலி போட்டு 1000 ஆக்கினால் 1200-க்கு 200, ஆறு மடங்கு.

செயலியே இல்லாமல் பிரதிபலிப்பை 200-லிருந்து 100-க்குக் குறைத்தால்? 600-க்கு 100. அதுவும் ஆறு மடங்குதான்.

எனக்கு இது புரிந்தது ஒரு வெள்ளைச் சட்டையால். மாடியில் நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன், செயலி முழு வேகத்தில் ஓடியது, ஆனாலும் திரையின் நடுவில் எழுத்துகள் பால் கலந்த மாதிரி இருந்தன. ஓரங்களில் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் மட்டும் ஏன் என்று குனிந்து பார்த்தால், திரையில் என் சட்டைப் பொத்தான்கள் வரிசையாகத் தெரிகின்றன. கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன், பிரச்சினை தீர்ந்தது.

ஆகவே அடர்ந்த நிறச் சட்டை போடுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரோ திறந்த வானமோ இல்லாமல், மரமோ நிழலான சுவரோ இருக்கும்படி உட்காருங்கள். திரைக் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். விரல் ரேகையும் தூசியும் வெயிலில் வெள்ளைப் படலமாகத் தெரியும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் சில கோணங்களில் திரை இருண்டு தெரியும், அதைச் செயலியின் தலையில் போடாதீர்கள்.

டார்க் மோட் பற்றிக் கேட்பார்கள். வெயிலில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் படிக்க எளிது. கறுப்புப் பின்னணி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், படிக்க வேண்டியதைவிட உங்கள் மூக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வெள்ளைப் பின்னணிக்கு எல்லா விளக்கும் எரிய வேண்டும், சூடு கூடும். வெயிலில் வெள்ளை, ஜன்னல் ஓரத்தில் டார்க் மோட் என்று நான் பிரித்துக்கொண்டேன்.

9. சூடு

மேக்புக் இயங்குவதற்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. சித்திரை வைகாசியில் சென்னையிலோ வேலூரிலோ நண்பகலில் நிழலே அதைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் செயலியையும் போடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். காலை பத்துக்குள், அல்லது மாலை நான்குக்குப் பிறகு.

திரை அளவுக்கு மீறிச் சூடானால் சிஸ்டம் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து, மெனு பாரில் ஓர் எச்சரிக்கைக் குறி காட்டும். அப்போது பலர் செய்வது என்ன? வெளிச்சம் குறைந்துவிட்டதே என்று செயலியை இன்னும் ஏற்றுகிறார்கள். விளக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது நிறத்தை நீட்டினால் வெள்ளை எல்லாம் மொட்டையாக அடித்துவிடும்.

சரியான வழி: செயலியை அணைத்து, ஆப்பிள் மெனுவில் ஸ்லீப் கொடுத்து, ஐந்திலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். மடிக்கணினியை நிழலுக்கு நகர்த்துங்கள். பிறகு எழுப்பினால் குறி போயிருக்கும். ஈரத்துணி போடுவது, ஐஸ் வைப்பது எல்லாம் வேண்டாம். உள்ளே நீர் கோத்துக்கொண்டால் திரையோடு போகாது.

வெளியே போவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போதும் சூடு பிறக்கும், வெயில், திரை, சார்ஜ் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் சேர்க்க வேண்டாம்.

10. பேட்டரிக் கணக்கு

ஆக்டிவிட்டி மானிட்டரில் பார்த்துவிட்டு "இந்தச் செயலி பேட்டரியே சாப்பிடுவதில்லை" என்பார்கள். செயலி சாப்பிடாது, விளக்கு சாப்பிடும். திரை விளக்கு இழுக்கும் மின்சாரம் அந்தப் பட்டியலில் செயலியின் பெயரில் வராது.

உண்மை தெரிய வேண்டுமானால், ஒரே வேலையைச் செயலியோடு அரை மணி, இல்லாமல் அரை மணி பார்த்து, எத்தனை சதவீதம் இறங்கியது என்று எழுதிவையுங்கள். திரையில் வெள்ளை எவ்வளவு என்பதைப் பொறுத்து எண் ஆளுக்கு ஆள் மாறும். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானாக அணையும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் 30 சதவீதத்தில் வையுங்கள்.

11. எப்போது அணைக்க வேண்டும்

எச்டிஆர் படம் பார்க்கும்போது. உச்ச வெளிச்சத்துக்கு என்று வைத்திருந்த இடத்தைச் சாதாரண வெள்ளையே பிடித்துக்கொள்வதால், படத்தில் சூரியனும் சட்டையும் ஒரே வெளிச்சத்தில் தெரியும்.

புகைப்படம், வீடியோ நிறத்திருத்தம் செய்யும்போது. நீங்கள் பார்ப்பதை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை, கட்டாயம் அணையுங்கள்.

அறைக்குள் திரும்பியதும். மடிக்கணினியை இயக்கும்போதே செயலியும் தொடங்கும் தேர்வை இதனால்தான் நான் அணைத்து வைத்திருக்கிறேன். இரவு பதினொன்றுக்கு விளக்கணைத்த அறையில் மடிக்கணினியைத் திறந்தால் முகத்தில் லாரி ஹெட்லைட் அடித்த மாதிரி இருக்கும். தவிரவும், எல்லா எல்ஈடி விளக்குகளும் சூட்டில்தான் வேகமாக மூப்படைகின்றன; தேவையில்லாத நேரத்தில் ஏன் எரிக்க வேண்டும்?

12. மேக்புக் இல்லாதவர்களுக்கு

லினக்ஸில் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் பிரைட்னஸ் மதிப்பை ஒன்றுக்கு மேல் கொடுக்கலாம் என்று பார்த்திருப்பீர்கள். விண்டோஸில் கிராபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டுப் பலகையிலும் பிரைட்னஸ், காமா ஸ்லைடர்கள் உண்டு. இவை விளக்கைத் தொடுவதே இல்லை. நிற எண்களை மட்டும் கூட்டுகின்றன. இருண்ட பகுதிகள் வெளுக்கும், வெள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும், வெளிர் நிறங்கள் எல்லாம் வெள்ளையோடு கரைந்துவிடும். இருட்டான படம் பார்க்க உதவலாம், வெயிலுக்கு உதவாது.

ஓஎல்ஈடி திரை (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அதிக வெளிச்சத்தில் டாஸ்க்பார் போல அசையாத உருவங்கள் நாளடைவில் தடமாகப் பதிந்துவிடலாம். மேக்புக் புரோவின் மினி எல்ஈடி திரைக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு 8-ஆவது படிதான் கைகொடுக்கும், அதற்குச் செலவும் இல்லை.

13. நீக்குவது

வேண்டாம் என்று முடிவு செய்தால் அப்ளிகேஷன்ஸிலிருந்து நேரடியாகக் குப்பைத் தொட்டிக்கு இழுக்காதீர்கள். முதலில் செயலிக்குள் வெளிச்சத்தை அணையுங்கள், பிறகு மெனுவில் குவிட் கொடுங்கள், அதன்பின் நீக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் நிறங்கள் நீட்டிய நிலையிலேயே நின்றுவிட வாய்ப்புண்டு. அப்படி ஆகிவிட்டால் ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள், திரை பழைய நிலைக்கு வந்துவிடும். சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியின் லாகின் ஐட்டம்ஸில் செயலியின் பெயர் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 4-ஆவது படியில் அணைத்த பேட்டரித் தேர்வுகளை மறக்காமல் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.